கறுப்பு பைன் போன்சாய்: குருத்தை எப்போது வெட்டுவது, எப்போது வெட்டக் கூடாது

கேள்வி இது: நர்சரியில் வாங்கிய ஜப்பானியக் கறுப்பு பைன், 30 செ.மீ. தொட்டியில் இருக்கிறது. உச்சியில் ஊசியிலை 10 செ.மீ. வரை நீள்கிறது. கீழ்க்கிளைகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிகின்றன, உள்பக்க இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இலையைச் சிறிதாக்கக் குருத்தை எப்போது வெட்ட வேண்டும்?

நீங்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து வருபவை. பைன் மரம் தன் வலுவை முதலில் உச்சிக்கும் கிளை நுனிகளுக்கும்தான் அனுப்பும். காட்டில் மற்ற மரங்களோடு போட்டி போட்டு வெளிச்சத்தைப் பிடிக்க அது தேவை. தொட்டியில் அதே இயல்பு கீழ்க்கிளைகளைப் பட்டினி போடுகிறது. ஆண்டு முழுவதும் நாம் செய்கிற வெட்டுவது, மொட்டு கழிப்பது, இலை பறிப்பது எல்லாமே உச்சியின் வேகத்தைக் குறைத்து அடிக்கிளைக்குப் பங்கு வாங்கிக் கொடுக்கிற வேலைதான். சிறிய இலை அதன் கடைசிப் பலன். அதையே முதல் குறியாக வைத்து எல்லாக் குருத்தையும் ஒரே சீராக வெட்டினால் கீழ்க்கிளைகளை இழப்பீர்கள். இலை இல்லாத பழைய கட்டையிலிருந்து பைன் அநேகமாகத் துளிர்ப்பதில்லை. போன கீழ்க்கிளையைத் திரும்பப் பெற ஒட்டுக் கட்டுவதைத் தவிர வழி இல்லை.

முதலில் உங்களிடம் இருப்பது கறுப்பு பைன்தானா என்று பாருங்கள். ஒரு கொத்தில் இரண்டு ஊசியிலை இருக்க வேண்டும். இலை விறைப்பாக, கரும்பச்சையாக, நுனி கையில் குத்துகிற மாதிரி இருக்கும். குளிர்காலத்து மொட்டு வெள்ளியைப் போல வெளுத்திருக்கும். மொட்டு செம்பழுப்பாக, இலை மென்மையாக இருந்தால் அது சிவப்பு பைன். பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே, கை மட்டும் இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். கொத்துக்கு ஐந்து இலை என்றால் வெள்ளை பைன். அதற்கு, இங்கே பின்னால் சொல்லும் குருத்து வெட்டு அறவே ஆகாது. கறுப்பு பைனும் சிவப்பு பைனும் முதல் துளிரை இழந்தால் அதே கோடையில் இரண்டாம் துளிர் விடும். வெள்ளை பைன் அப்படி விடாது. ஆண்டுக்கு ஒரே துளிர்தான், அதை முழுதாக வெட்டினால் அந்த ஆண்டின் உணவே போய்விடும். ஸ்காட்ஸ் பைனையும் முகோ பைனையும் பொதுவாக அந்த வகையில் வைத்துத்தான் நடத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் வசந்தத்தில் குருத்து நீளும்போது விரலால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கிள்ளி விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோப்பாக நிற்பவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன்கள். அவற்றில் பட்டுலா பைனின் இலை மூன்று மூன்றாக, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும். அந்தக் கன்றை எடுத்து வந்து கறுப்பு பைன் முறையில் சின்ன இலை வரவழைக்க முயல்வது வீண் வேலை.

அடுத்து வலு. குருத்து வெட்டு என்பது அந்த ஆண்டின் புது வளர்ச்சி முழுவதையும் எடுத்துவிட்டு, சேமிப்பிலிருந்து மறுபடி ஒரு முறை துளிர்க்கச் சொல்வது. சேமிப்பு இல்லாத மரத்திடம் அதைக் கேட்கக் கூடாது. வலுவான மரத்தில் ஜூன் மாதம் உச்சிக் குருத்து பென்சில் தடிமனில் 7, 8 செ.மீ. வரை நிமிர்ந்து நிற்கும், நடுக் கிளைகளில் குறைந்தது 3, 4 செ.மீ. இருக்கும். போன ஆண்டு இலைகள் உதிராமல் ஒட்டியிருக்கும். பெரும்பாலான குருத்துகள் 2 செ.மீ.கூட எட்டவில்லை, இலை வெளிர்ந்து தளர்ந்திருக்கிறது என்றால் இந்த ஆண்டு கத்தரியை எடுக்காதீர்கள். வெயில், உரம், வேர் மூன்றையும் சரிசெய்து ஓராண்டு சும்மா வளர விடுங்கள். தொட்டி மாற்றிய ஆண்டும் அப்படித்தான். அடிமரம் இன்னும் தடிக்க வேண்டிய இளங்கன்றிலும் முழு வெட்டு வேண்டாம். அதில் ஒரு கிளையையோ உச்சியையோ கட்டுப்பாடின்றி ஓட விட்டு அடியைப் பருக்க வைத்துவிட்டு, பிறகு அதை அறுத்தெடுப்பதே முறை.

வெயிலில் சமரசம் கிடையாது. நாளுக்கு 6 மணி நேர நேரடி வெயில் குறைந்தபட்சம், அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்த பைன் மெதுவாகச் சாகும். மாதம் இருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள். சுவர்ப் பக்கம் பார்த்த கிளை மெலிவது உங்கள் மரத்திலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண் என்று சொன்னாலும் தோட்டத்து மண்ணுக்கு இங்கே இடமில்லை. ஜப்பானில் விற்பனைக்கு வளர்க்கும் பைன் போன்சாயில் ஏறத்தாழ 80 சதவீதம் ஷிகோகு தீவில் தகமாட்சு நகரின் கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே வயலில் நட்டு வளர்க்கிறார்கள். நீர் நிற்காத மணற்பாங்கான நிலமும் மழை குறைந்த, வெயில் நிறைந்த வானிலையும்தான் அந்த ஊரின் பலம். தொட்டியில் அதைக் கொண்டுவரத்தான் அகடாமா (ஜப்பானியக் களிமண் குருணை), நுரைக்கல், எரிமலைக்கல் மூன்றையும் சம பங்கு கலக்கிறோம். குருணை அளவு 3 முதல் 6 மி.மீ., தொட்டியின் அடியில் மட்டும் 6 முதல் 10 மி.மீ. அகடாமா கிடைக்காத ஊரில் நன்றாகச் சுட்ட செங்கல்லை உடைத்து அதே அளவில் சலித்துக்கொள்ளலாம். சிமென்ட்டோ சுண்ணாம்போ ஒட்டிய பழைய செங்கல் வேண்டாம், அது மண்ணைக் காரமாக்கிவிடும். எதைக் கலந்தாலும் தூளைச் சலித்து எறிய வேண்டும். தூள்தான் அடியில் படிந்து சேறாகி வேரை அழுக வைக்கிறது. தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் பைனுக்கு ஒத்துவராது.

நீர் ஊற்றுவதற்கு மணிக்கணக்கு இல்லை. ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் 3 செ.மீ. ஆழம் செருகி வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது நுனி லேசாக மட்டும் ஈரமாக இருந்தால் ஊற்றலாம், குளிர்ந்து நனைந்திருந்தால் பொறுக்கலாம். ஊற்றும்போது அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றி, சில நிமிடம் விட்டு இன்னொரு முறை. கோடையில் இது நாளுக்கு இருமுறை வரை போகும், குளிர்காலத்தில் சில நாளுக்கு ஒருமுறை போதும். போர்வெல் தண்ணீர் கவனிக்க வேண்டிய விஷயம். கறுப்பு பைன் கடற்கரை மரம், உப்புக் காற்றைத் தாங்கும். வேரில் உப்பு தங்குவது வேறு கதை. 2011 மார்ச் சுனாமியில் ஜப்பானின் ரிகுசென்தகாதா கடற்கரையில் சுமார் 70,000 பைன்கள் அழிந்து ஒரே ஒரு மரம் நின்றது. கடல்நீர் வேரைக் கெடுத்ததால் அதுவும் அடுத்த ஆண்டே பட்டுப்போனது. கடினநீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் மழைநீரைச் சேமித்துப் பைனுக்கு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல நீரால் மண்ணை அலசி விடுங்கள்.

உரம் பொறுத்தவரை, இனி வரும் மாதக் கணக்குகள் எல்லாம் டோக்கியோவை ஒட்டிய ஒமியா வட்டாரத்து வானிலைக்கு உரியவை. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ போன்சாய்த் தோட்டக்காரர்கள் குடியேறிய ஊர் அது, போன்சாய்ப் பராமரிப்பு நாட்காட்டிகளில் பலவும் அந்தப் பக்கத்துப் பழக்கத்தை ஒட்டியவை. உங்கள் ஊருக்கு மாற்றுவதைப் பிறகு சொல்கிறேன். மார்ச் கடைசியில் மொட்டு அசையத் தொடங்கியதும் உரம் தொடங்கி, குருத்து வெட்டும் நாள்வரை தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஜப்பானில் கடுகு வகைப் புண்ணாக்கைப் புளிக்க வைத்து உருண்டையாக்கி வைப்பார்கள். கடலைப் புண்ணாக்கு மூன்று பங்கு, எலும்புத் தூள் ஒரு பங்கு கலந்து, தேயிலைப் பையில் ஒரு தேக்கரண்டி வீதம் போட்டு வைத்தால் அதே வேலை நடக்கும். 30 செ.மீ. தொட்டிக்கு ஓரத்தில் 5, 6 பை, மாதம் ஒருமுறை புதிது. பை இல்லாமல் தூளைத் தூவினால் மண்ணின் மேல் பாசிபோலப் படர்ந்து நீர் இறங்காது. வெட்டிய அன்றே எல்லா உரத்தையும் எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் இரண்டாம் துளிரும் நீண்ட இலையோடு வந்து பட்ட பாடு வீணாகும். இரண்டாம் துளிரின் இலை விரிந்து கெட்டியான பிறகு, செப்டம்பர் நடுவில் மீண்டும் வைத்து நவம்பர்வரை தொடரலாம். இலையுதிர்காலத்தில் சேர்ப்பதுதான் அடுத்த ஆண்டு வெட்டுக்கான மூலதனம், அதைச் சுருக்காதீர்கள்.

இப்போது குருத்து வெட்டு. நாளைத் தீர்மானிப்பது எளிய கணக்கு: வெட்டிய பிறகு புது இலை வளர்ந்து முற்ற ஏறத்தாழ 100 நாள் வெதுவெதுப்பான பருவம் வேண்டும். முன்கூட்டி வெட்டினால் வளர நாள் அதிகம், இலை நீளும். தாமதித்து வெட்டினால் நாள் குறைவு, இலை குட்டையாகும். அதனால் இலை நீளமாக இருந்தாலும் அழகு கெடாத பெரிய மரத்தை ஜூன் நடுவிலும், உங்களுடையது போன்ற நடுத்தர மரத்தை ஜூன் கடைசியிலும், 20 செ.மீ.க்குக் குறைந்த சிறு மரத்தை ஜூலை முதல் பாதியிலும் வெட்டுவார்கள். அதையும் தாண்டிப் போனால் இலை 1 செ.மீ. முளையாக நின்று குளிரில் மாட்டிக்கொள்ளும், அந்தக் கிளை அடுத்த ஆண்டு நோஞ்சானாகிவிடும்.

வெட்டும் இடம்: இந்த ஆண்டுக் குருத்தும் போன ஆண்டு இலைக்கொத்தும் சேரும் கழுத்து. குருத்தின் அடியில் இலை இல்லாத வெளிர்பச்சைப் பகுதி தெரியும், அதில் 3 மி.மீ. அளவு விட்டுக் குறுக்காக நேராக வெட்ட வேண்டும். சாய்த்து வெட்டினால் ஒரு பக்கம் வலுத்த மொட்டும் மறுபக்கம் இளைத்த மொட்டுமாக வரும். போன ஆண்டு இலைகளில் ஒன்றைக்கூடக் கத்தரி தொடக் கூடாது. அடுத்த ஒரு மாதம் மரத்துக்குச் சோறு போடப் போவது அவைதான். அவற்றையும் எடுத்துவிட்டால் அந்தக் கிளை காய்ந்து போகும். பிசின் வந்து காயத்தை மூடிக்கொள்ளும், பசை எதுவும் தடவ வேண்டாம். மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

உச்சிக்கும் அடிக்கும் சமன் செய்வது நாட்களைப் பிரிப்பதில் இருக்கிறது. மெலிந்த குருத்துகளை முதல் நாள், நடுத்தரமானவற்றைப் பத்து நாள் கழித்து, வலுத்த உச்சிக் குருத்துகளை இன்னும் பத்து நாள் கழித்து வெட்டுங்கள். மெலிந்தவற்றுக்கு இருபது நாள் முன்னதாகத் துளிர்க்க வாய்ப்பு கிடைக்கிறது, இலையுதிர்காலத்தில் எல்லா இலையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி, வலுத்ததில் மட்டும் 1 செ.மீ. வரை அடிக்கட்டை விட்டு மொட்டைத் தாமதப்படுத்தும் முறையும் உண்டு. புதிதாகச் செய்பவர்களுக்கு நாள் பிரிக்கும் முறைதான் என் பரிந்துரை, ஒவ்வொரு கட்டத்திலும் மரம் என்ன சொல்கிறது என்று பார்த்து நிறுத்திக்கொள்ள முடியும். உங்கள் மரத்துக்கு இன்னொரு மாற்றமும் தேவை. கீழ்க்கிளைகள் ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அவற்றின் குருத்தை இந்த ஆண்டும் தேவைப்பட்டால் அடுத்த ஆண்டும் வெட்டவே வேண்டாம். நடுவையும் உச்சியையும் மட்டும் வெட்டுங்கள். கீழே இலை நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும், அந்த நீள இலைதான் கிளையைத் தடிக்க வைக்கும்.

வெட்டிய பின் நீரைக் குறைக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பாதி இலை போய்விட்டதால் மரம் குடிப்பதும் குறைந்திருக்கும். பழைய அளவே ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி, புது மொட்டு வரும் நேரத்தில் மரம் மஞ்சளடிக்கும். மூன்று, நான்கு வாரத்தில் கழுத்தைச் சுற்றி மொட்டுகள் தெரியும். உச்சியில் நான்கு ஐந்துகூட வரலாம். இவை எல்லாம் வளர விட்டால் அந்த இடம் முண்டு கட்டி வீங்கும். ஆகஸ்ட் கடைசியிலோ அக்டோபரிலோ கிளையின் இருபுறமும் கிடைமட்டமாகப் போகும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மேல்நோக்கியதையும் நேர் கீழே தொங்குவதையும் ட்வீசரால் எடுத்துவிடுங்கள். உச்சிப் பகுதியில் தடித்த மொட்டை எடுத்து மெலிந்ததை வைப்பதும், கீழே தடித்ததை வைத்து மெலிந்ததை எடுப்பதும் வழக்கம்.

நவம்பரில் இலை பறிப்பு. முதலில் பழைய இலைகள், பிறகு புது இலைகளின் எண்ணிக்கை. ஒரு தளிருக்கு உச்சியில் 5 ஜோடி, நடுவில் 7, கீழே 10 அல்லது இருப்பதெல்லாம். ஜோடியாகப் பிடித்து இலை வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் பட்டை கிழியும். இது அலங்காரத்துக்கான வேலை என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அடர்ந்த உச்சி வழியாக வெயில் உள்ளே இறங்காவிட்டால் உள்மொட்டுகள் செத்துவிடும். உள்மொட்டு இல்லாமல் நாளைக்குக் கிளையைக் குட்டையாக்க முடியாது. கீழ்க்கிளை மெலிந்த உங்கள் மரத்தில் உச்சியின் இலையைக் குறைப்பது குருத்து வெட்டுக்குச் சமமான மருந்து.

கம்பி கட்டவும் கனத்த கிளையை அறுக்கவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம், பிசின் ஓட்டம் அப்போது குறைவு. பதமாக்கிய செம்புக் கம்பி, தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு, சுற்று 45 பாகையில். பைன் வளைவை ஏற்றுக்கொள்ள ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் மே, ஜூனில் கிளை திடீரெனப் பருப்பதால் அப்போது வாரந்தோறும் பாருங்கள். கழற்றும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது நல்லது.

தொட்டி மாற்றுவது இளமரத்துக்கு 3, 4 ஆண்டுக்கு ஒருமுறை, முதிர்ந்ததற்கு 5 ஆண்டுக்கு மேல். நீர் ஊற்றினால் மேலேயே தேங்கி நிற்பது, வேர்க்கட்டி தொட்டி விளிம்புக்கு மேல் எழுவது ஆகியவை அடையாளம். மார்ச் நடுவில் மொட்டு வீங்கி, இன்னும் நீளாத நிலையில் செய்ய வேண்டும். பைன் வேரில் வெள்ளை நூலாகப் படர்ந்திருப்பது நோய் அல்ல. நீரையும் சத்தையும் வேருக்குக் கொண்டுவரும் மைக்கோரைசா பூஞ்சை அது. அதனால் வேரை முழுதாக அலசக் கூடாது. நர்சரி மண் களிமண்ணாக இருந்தால் இந்த முறை வேர்க்கட்டியின் ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணைக் குச்சியால் கிளறி எடுத்து, அந்தப் பக்கத்து நீள வேர்களைக் குறைத்துப் புதுக் கலவை போடுங்கள். மறுபாதியை இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தொடலாம். தொட்டித் துளை வழியாக வந்த கம்பியால் வேர்க்கட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும், காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் காற்று மறைவில் வைத்து, ஆறு வாரம் கழித்து உரம்.

இனி மஞ்சள். செப்டம்பர் முதல் நவம்பருக்குள், கிளையின் உள்பக்கத்தில், இரண்டு மூன்று ஆண்டுப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயற்கை, விட்டுவிடுங்கள். இந்த ஆண்டு இலை மரம் முழுக்க வெளிறினால் வேரையும் நீரின் காரத்தன்மையையும் சந்தேகிக்க வேண்டும். மரத்தைத் தூக்கி முகர்ந்தால் அழுகல் வாடை தெரியும். இலையில் மஞ்சள் புள்ளியோ குறுக்குப் பட்டையோ தோன்றி அதற்கு மேல் நுனிவரை பழுத்தால் இலைப் பூஞ்சை. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, மாலையில் இலை நனைவதைத் தவிர்த்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, புது இலை விரியும் காலத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். இலை தூசு படிந்தது போல மங்கினால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டிப் பாருங்கள். நகரும் புள்ளிகள் விழுந்தால் சிலந்திப்பேன். வேகமான நீரால் இலையின் இருபக்கமும் அடித்துக் கழுவி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலோடு, வெயில் தணிந்த பின் தெளிக்கலாம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். கோடை முடிவில் சில வாரத்துக்குள் மரம் மொத்தமும் செம்பழுப்பாக மாறினால் பைன் வாடல் நோயாக இருக்கலாம். நீள்கொம்பு வண்டு சுமந்து வரும் நூற்புழு அதற்குக் காரணம், ஜப்பானில் 1905இல் நாகசாகியில் முதலில் பதிவானது. அதற்கு மருந்து இல்லை. மரத்தை எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது.

கடைசியாக ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் இரவு குளிர்ந்து வளர்ச்சி நிற்கும் நாளிலிருந்து 100 நாள் பின்னோக்கி எண்ணுங்கள், அதுதான் உங்கள் வெட்டு நாள். டொராண்டோவில் அது ஜூன் தொடக்கத்துக்கு வந்துவிடும், பருவம் குறுகியதென்றால் ஓராண்டு விட்டு ஓராண்டு வெட்டுவது பாதுகாப்பு. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 7, 8 டிகிரி நீடிக்கத் தொடங்கியதும் தொட்டியைச் சூடேற்றாத கொட்டகைக்கு மாற்றுங்கள், இலை தாங்கும் குளிரை வேர் தாங்காது. சிட்னி, மெல்போர்னில் ஆறு மாதம் தள்ளி, டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற உயரத்தில் குளிர்கால ஓய்வு கிடைக்கும், மழைக்காலத்தில் தொட்டிக்கு மேல் ஒரு மறைப்பும் கலவையில் நுரைக்கல் பங்கைக் கூட்டுவதும் அவசியம். சென்னை, மதுரைச் சமவெளியிலும் கொழும்பிலும் கறுப்பு பைனுக்கு அந்த ஓய்வு கிடைக்காது. ஓய்வின்றித் துளிர்த்துத் துளிர்த்துச் சேமிப்பு கரையும். அங்கே இருக்கும் மரத்துக்குக் குருத்து வெட்டு வேண்டாம். இலை குறைப்பும் மொட்டுத் தேர்வும் மட்டும் செய்து, கோடை நடுப்பகல் வெயிலில் தொட்டி சூடேறாமல் தொட்டியை மட்டும் நிழலில் வையுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் அந்த ஊர்களுக்குச் சவுக்கு இன்னும் பொருத்தம், ஊசியிலைத் தோற்றமும் உண்டு, வெக்கையும் தாங்கும்.